பூஜை அறையில் ஒரு நடிகர்

எங்கள் குடும்பத்தில் ஒருவர் சினிமாவில் நடித்திருக்கிறார். படங்கள் பேச ஆரம்பித்த புதிதில், கோயமுத்தூரிலேயே ஸ்டுடியோ வைத்துப் படம் எடுத்த காலத்தில். அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். என் அப்பாருவின் தம்பி அவர். எனக்குச் சின்ன அப்பாரு. அவர் உயிரோடு இருந்தவரை என் சொந்தக்காரர்கள் இந்த விஷயத்தை, வீட்டில் யாருக்கோ தீராத சொறி இருப்பதைப் போல மூடி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்டால் "அவரு மில்லுல வேலைங்க" என்று முடித்துவிடுவார்கள். இப்போது அதே ஆட்களின் பிள்ளைகள் "எங்க ரத்தத்துலயே கலை ஓடுதுங்க" என்கிறார்கள். ரத்தம் எத்தனை சௌகரியமாக ஓடுகிறது பாருங்கள்.

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் சொல்லியிருக்க வேண்டிய பதிலெல்லாம் ஒவ்வொன்றாக வரும். அதனால் எழுதுகிறேன்.

சின்ன அப்பாரு பெரிய மேதை என்று சொல்லப்போவதில்லை. அவரை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அவரை அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்க விட்டிருந்தார்களாம். இறைக்கும்போது பாடுவது வழக்கம். இவர் பாட்டைக் கேட்டு மாடுகள் மயங்கி நின்றுவிட்டன என்று அவரே சொல்வார். வேலை நின்றுபோனதற்கு அது ஒரு நல்ல காரணம். மீசை முளைக்கும் முன்பே வீட்டை விட்டு ஓடி, சிறுவர்களை வைத்து நாடகம் போடும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். பால் வடியும் முகம், மெல்லிய குரல். உடனே ஸ்திரீ பார்ட் கொடுத்துவிட்டார்கள். சேலை, சவுரி, லேஸ் வைத்த ஜாக்கெட், மூக்குத்தி எல்லாம் மாட்டிக்கொண்டு ராணியாகவும் தோழியாகவும் ஊர் ஊராக நின்றார்.

குரல் உடைந்து பெண் வேஷம் போன நேரத்தில் சினிமா வந்தது. அப்போது வெயிலை நம்பித்தான் படம் எடுத்தார்களாம். மேகம் மூடினால் தேவர்களும் அசுரர்களும் வேப்பமரத்தடியில் ஒன்றாக உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். காக்கை கத்தினால் மறுபடி எடுக்க வேண்டும். அதை விரட்ட ஒரு ஆள். நடிக்கிறவரே பாட வேண்டும். ஆர்மோனியக்காரர் கேமராவில் படாமல் புதருக்குப் பின்னால் குந்தியிருப்பார். சின்ன அப்பாரு சில படங்களில் நாரதர், ஒரு படத்தில் கிருஷ்ணர். அந்த ஒன்றையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணர் படம் அவிநாசி டூரிங் கொட்டகைக்கு வந்தது. திரையில் கிருஷ்ணர் தெரிந்ததும் ஜனங்கள் கற்பூரம் கொளுத்தினார்கள். என் அப்பாரு தேங்காய் உடைத்தார், தன் தம்பிக்கு. கொஞ்ச நாள் கழித்துக் குடும்பத்தில் ஒரு கல்யாணம். தம்பி சில்க் ஜிப்பாவில் வந்து இறங்கினார். எங்கள் கல்யாணங்களில் சீர் செய்து வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். மூஞ்சிக்குச் சாயம் பூசினவன் சீர் நடக்கிற இடத்தில் நிற்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். பந்தியில் உட்கார்ந்தவரையும் எழுப்பிக்கொண்டு போய், மாடு கட்டுகிற கட்டுத்தரைப் பக்கம் தனி இலை போட்டார்கள். போட்டவர், தேங்காய் உடைத்த அதே அண்ணன். கொட்டகையில் சாமி, வீட்டில் தீட்டு. இரண்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான்.

இவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டாராம். அதுவும் எனக்குப் பொறுக்காது. எழுந்து போயிருக்கலாம். பாயசம் இரண்டாவது முறை வேறு கேட்டிருக்கிறார்.

பிறகு வேறு ஆள் பாட, இவர்கள் வாயசைத்தால் போதும் என்று ஆனது. பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறவர்கள் வந்தார்கள். சின்ன அப்பாருவை ராஜசபையில் தாடி ஒட்டிக் கடைசியில் நிறுத்தினார்கள். அதுவும் போய், ஒரு மில் கேட்டில் காவலுக்கு நின்றார். முதலாளி கார் வரும்போது அவர் வைக்கிற சலாத்தைப் பார்த்தால், காருக்குள் இருப்பவர்தான் சேவகர் என்று தோன்றும். அவர் நடித்த படம் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. சுருளை உருக்கி வெள்ளி எடுத்துவிட்டார்கள் என்பார்கள், தீயில் போனது என்பார்கள். போட்டோக்களைக் குடியிருந்த வாடகை வீட்டின் கரையான் தின்றது. வயதான பிறகு அவர் போட்டோவே எடுத்துக்கொள்ளவில்லை. மேக்கப் இல்லாமல் கேமரா முன்னால் நிற்க மாட்டாராம், மில் கேட்டில் நிற்கிறவர்.

அவர் செத்த அன்றுதான் பங்காளிகள் கூட்டமாக வந்தார்கள். பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே என் பெரியப்பா அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நிலத்துப் பத்திரம் ஏதாவது இருக்குமோ என்று. பத்திரம் இல்லை. அடியில் துணி சுற்றி, கரையானுக்குத் தப்பிய ஒரே ஒரு போட்டோ இருந்தது. சேலை கட்டி, நாற்காலியில் கை வைத்து நிற்கிற ஒரு அழகான பெண்.

பெரியப்பா அதைப் பார்த்ததும் "எங்காத்தாளுங்க!" என்று கதறிவிட்டார். அப்பாவைப் பெற்ற பாட்டியையும் எங்கள் பக்கம் ஆத்தா என்போம். பெரியப்பாவின் ஆத்தா, என் அப்பாருவையும் சின்ன அப்பாருவையும் பெற்றவர். பெரியப்பா விவரம் தெரியாத பிள்ளையாக இருக்கும்போதே அந்தப் பாட்டி போய்விட்டார். படம் எதுவும் கிடையாது. முகச்சாயல் அப்படியே இருந்தது. இருக்காதா? பெற்றவளின் முகம்தானே பிள்ளைக்கு வரும்.

அது ஆத்தா இல்லை. ஸ்திரீ பார்ட் வேஷத்தில் சின்ன அப்பாருதான்.

இது அங்கிருந்தவர்களில் அவருடைய ஒரே மகளுக்கு மட்டும் தெரியும். எனக்கு அத்தை. அவர் வாயைத் திறக்கவில்லை. ஆத்தா என்று கதறியதைச் சாவு வீட்டு அழுகை என்று எடுத்துக்கொண்டு, பெரியப்பா அடையாளம் தெரிந்துதான், பாசத்தால் எடுத்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாராம். பெரியப்பாவின் மகன் அவிநாசியில் பெரிய வீடு கட்டி, குடிபுகப் புண்ணியார்ச்சனை வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பூஜை அறையில், முருகனுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டும் மாலையும் சிவப்பு பல்புமாக அந்தப் போட்டோ. வந்த சனமெல்லாம் விழுந்து கும்பிட்டது. அப்போது எனக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"கட்டுத்தரையில எலை போட்டாங்கல்ல கண்ணு. இப்பப் பாரு, முருகனுக்குப் பக்கத்துல எடம்."

அதை என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, இத்தனை வருடம் தனக்குள்ளேயே வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவிநாசியில் புது வண்டி வாங்கினால் சாவியை அந்தப் படத்தின் முன்தான் வைப்பார்கள். வீட்டுக்கு வந்த மருமகள்கள் எல்லாரும் அதன் காலில் விழுந்தவர்கள். ஒவ்வொன்றையும் கேள்விப்படும்போது அத்தை "பரவால்ல, நடக்கட்டும்" என்பார்.

இப்போது அத்தைக்கு எண்பதாகிறது. பிள்ளைகள் இல்லை, மாமாவும் போய்விட்டார். ஒண்டிப்புதூரில் என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். கண்ணில் நீர் அழுத்தம். ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. இன்னொன்றும் ஓரத்திலிருந்து இருண்டுகொண்டு வருகிறது. போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அத்தை சிரிப்பெல்லாம் இல்லாமல் சொன்னார்.

"கண்ணு, இருக்கறதும் போறதுக்குள்ள அப்பா மூஞ்சிய ஒருக்கா கையில வெச்சுப் பாத்துப்போடோணும். அவுங்ககிட்டக் கேட்டு வாங்கிக் குடு."

நானா கேட்பேன். போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அதற்குள் அண்ணனே வந்துவிட்டார். பெரியப்பா மகன், அவிநாசி வீட்டுக்காரர், நூல் மில் முதலாளி. அவர் கார் எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. நடந்து வந்ததால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அத்தை வீட்டு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தார்.

கோயமுத்தூரில் பழைய சினிமாப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, மறந்துபோன நடிகர்களுக்கு விழா எடுக்கிறார்களாம். அதில் சின்ன அப்பாருவின் பெயரும் இருக்கிறது. குடும்பத்தின் சார்பில் அண்ணன் மேடையில் உட்காருவார். திறந்து வைக்க ஒரு படம் வேண்டும்.

"பாவம், பெரிய கலைஞருங்க அத்தை. நம்மளுக்குத்தான் அவரோட அருமை தெரியாமப் போச்சு. அவர் போட்டோ ஏதாச்சும் வெச்சிருக்கறீங்ளா?"

"எங்கிட்ட ஏதுங்க தம்பி. உங்க ஊட்டுலதான இருக்குது."

"எங்கூட்லயா?"

"சாமி ரூம்ல. முருகனுக்குப் பக்கத்துல."

அண்ணன் சிரித்தார். "அது ஆத்தாங்க அத்தை. உங்களைப் பெத்தவரைப் பெத்தவங்க."

"ஏனுங்க தம்பி, அந்தக் காலத்துல நம்ம பொம்பளைங்க யாருங்க ஜாக்கெட் போட்டாங்க? லேஸ் வெச்சு, தோள்ல பப் வெச்சு? அதைப் போட்டுட்டுத்தான் எங்க அப்பத்தா சாணி தட்டுனாங்களாக்கும்?"

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, அத்தை பக்கத்தில் இல்லாதது போலக் கேட்டார். "என்ன அம்மணி, அத்தைக்கு நெனவு தப்புதா?"

நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் அவிநாசி போனேன். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை நல்ல மாதிரி. எங்களைப் பூஜை அறைக்கே கூட்டிப்போனார். அண்ணனும் பின்னாலேயே வந்தார். அத்தை படத்துக்கு முன்னால் போய் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். நெற்றியில் சந்தனம், கன்னத்தில் சந்தனம், கண்ணாடியில் பல்பின் வெளிச்சம். அவருக்கு எதுவும் தெரியவில்லை. போனில் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். முகம் இருந்த இடத்தில் பல்புதான் இருந்தது.

"கழட்டிக் குடுங்க தம்பி. தொடச்சு, கிட்டக்க வெச்சுப் பாக்கறேன்" என்றார் அத்தை.

"சாமியைக் கழட்டக்கூடாதுங்க அத்தை." ஆனால் சொல்லும்போது அண்ணனின் பார்வை படத்தில் ஜாக்கெட் கை இருந்த இடத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. அவருக்குப் புரிந்த நொடியை நான் பார்த்தேன். முதலில் கழுத்து சிவந்தது, பிறகு காது. ஆனாலும் முதலாளி, சுதாரித்துக்கொண்டார்.

"இது இந்த ரூமோட இருக்கட்டுங்க அத்தை. ஊரு முழுக்க இது ஆத்தான்னு தெரியும். கும்பிட்டது பொம்பள வேசம் கட்டுன ஆம்பளையன்னு தெரிஞ்சா சிரிப்பாச் சிரிப்பானுக."

"ஆரு வேசம் கட்டுனா? கலைஞருங்கல்ல?" என்று அத்தை கேட்டார். "மேடையில உக்காரப் போறீங்கல்ல?"

"அது வேறங்க."

அது வேறு. ஒரே ஆள், மேடைக்கு ஆவார், சுவருக்கு ஆக மாட்டார். அவர் அப்பாரு கொட்டகைக்கும் கட்டுத்தரைக்கும் பிரித்த மாதிரியே இவரும் பிரித்துக்கொண்டார். ஏசி போட்ட வீடு கட்டினாலும் புத்தி அந்தத் தோட்டத்திலேயே மாடு ஓட்டிக்கொண்டிருக்கிறது. நாங்கள் காபி குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்தோம்.

விழா அன்று மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அதில் அகன்ற தாடையும் முறுக்கு மீசையும் புலி மாதிரிக் கண்ணுமாக ஒரு ஆள். அண்ணன் மகன் கம்ப்யூட்டரிடம் சொல்லி வரவைத்த படமாம். பழைய காலத்துத் தமிழ் நடிகர், கம்பீரமாக, என்று கேட்டால் அது வரைந்து கொடுத்துவிடுகிறதாம். ஜிம்முக்குப் போகிற ஆள் மாதிரி இருந்தது. அதே முகத்தைப் பிரேம் போட்டு மேடையில் மாலையும் போட்டிருந்தார்கள். சனம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தது.

பேசினவர்களில் ஒருவரும் சின்ன அப்பாருவின் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. பார்க்கப் படமே இல்லை. அது யாரையும் தடுக்கவில்லை. "அந்தக் கண்களை மறக்க முடியுமா?" என்றார் ஒருவர், ஃபிளெக்ஸ் பக்கம் கையைக் காட்டி. கைதட்டினார்கள். அண்ணனுக்குப் பொன்னாடை போட்டார்கள். சின்ன வயதில் சின்ன அப்பாருவின் மடியில் உட்கார்ந்துதான் கலையுணர்வு பெற்றதாக அண்ணன் பேசினார். அண்ணன் பிறந்த பிறகு சின்ன அப்பாரு அவர்கள் வீட்டுப் படியை மிதித்ததே கிடையாது.

முன்வரிசையில் அத்தை என் கையைச் சுரண்டினார். "ஏன் கண்ணு, ஆரு அது படத்துல?"

"தெரியலீங்க அத்தை."

"மீசையாட்டம் என்னமோ தெரியுது?"

"ஆமாங்க."

"எங்கப்பனுக்கு மீசையே நிக்காது."

கடைசியில் மகள் என்று அத்தையை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தனியாக ஏற முடியாது. நானும் ஏற வேண்டியதாயிற்று. கீழே அத்தனை முகங்கள். அத்தையின் கையைப் பிடித்திருந்தது அவருக்காகவா எனக்காகவா என்று தெரியவில்லை. அவர் மைக்கைத் தடவிப் பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கப்பாவோட நெசமான படம் அவிநாசியில, எங்க பங்காளி ஊட்டுல இருக்குதுங்க. சாமி ரூம்ல வெச்சு, தெனமும் கற்பூரம் காட்டறாங்க. இத்தன வருசமாக் கும்பிடறாங்க. நீங்கெல்லாம் ஒருக்கா போயிப் பாருங்க. அவ்வளவுதானுங்க."

மண்டபமே எழுந்து கைதட்டியது. ஒரு நடிகரைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிடுகிற குடும்பம்! அத்தையிடமிருந்து மைக்கை வாங்கியவர் இன்னொரு முறை கைதட்டச் சொன்னார். விழாக்காரர்கள் அண்ணனைச் சுற்றிக்கொண்டார்கள்.

"எப்ப வரலாமுங்க? புதன்கெழம வரட்டுங்களா? டிவிக்காரங்களையும் கூட்டிட்டு?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. வந்தவரைக் கட்டுத்தரையில் உட்கார வைப்பார்களே தவிர, வராதே என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அண்ணனும் சிரித்த முகமாகக் கும்பிட்டு, "வாங்க வாங்க, சாப்பாட்டுக்கே வந்துருங்க" என்றார். அவர் கழுத்து மறுபடி சிவந்திருந்தது.

மறுநாள் காலையில் அவர் கார் டிரைவர் எங்கள் சந்துக்குள் நடந்து வந்தார். கையில் பழைய துண்டு சுற்றிய ஒரு சட்டம். "அத்தைகிட்டக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க. யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்னாருங்க" என்று நீட்டிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அத்தனை நாள் கழட்டக்கூடாத சாமி ஒரே ராத்திரியில் கழன்றுவிட்டது.

அவிநாசியில் என்ன செய்தார்கள் என்பது புதன்கிழமை சாயங்காலம் தெரிந்தது. நங்கை போன் செய்தார். "டிவிக்காரங்க வந்துட்டுப் போயிட்டாங்க அம்மணி. முருகனுக்குப் பக்கத்துல அந்த மீசக்காரன் படத்த மாட்டிப்போட்டாரு உங்கண்ணன். மாலை போட்டு, பல்பு போட்டு. அதைத்தான் புடிச்சுட்டுப் போனாங்க. ஆத்தா எங்கயிங்கன்னு கேட்டா, பிரேமு செல்லரிச்சுருச்சு, ஆத்துல விட்டாச்சுங்கறாரு. நானு இனி அமாவாசைக்கு ஆருன்னே தெரியாத ஆம்பளைக்குப் போயி வெளக்கு வெக்கோணும்."

"வெச்சிருங்க நங்க" என்றேன்.

படம் வந்த அன்றே அத்தை அதைப் பிரித்துவிட்டார். ஆணிகளைப் பிடுங்கிக் கண்ணாடியை நான்தான் கழற்றினேன். உள்ளே சந்தனம் படவில்லை. போட்டோ பழுப்பேறியிருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. பதினான்கு பதினைந்து வயதுப் பையன். சவுரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாற்காலியின் மேல் வைத்த கை, சாணி அள்ளிய கை, பெரிதாக இருக்கிறது. உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான்.

அத்தை ஜன்னலோரம் போய், இருக்கிற கண்ணுக்கு ஒட்ட அதைப் பிடித்தார். மேலிருந்து கீழாக மெதுவாக நகர்த்தினார். நெற்றி, மூக்குத்தி, வாய், லேஸ். மறுபடி மேலே போனார். சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"தெரியுதுங்களா அத்தை?"

அவர் படத்தை எடுக்காமலேயே சொன்னார்.

"பவுடர அள்ளிக் கொட்டியிருக்கறானுக, கண்ணு."